நான்கு நிமிட வாசிப்புக்கு ஒரு முழு நாள்: ஸ்காட்லாந்து பேக்பைப் குழுவோடு ஊர் ஊராகப் போகிறவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகள் கிளாஸ்கோவுக்கு அருகே உள்ள சிற்றூர் ஒன்றின் பேக்பைப் குழுவில் ஸ்நேர் டிரம் என்ற முரசு வாசிக்கிறாள். எனக்கு வாசிக்கத் தெரியாது. மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை சனிக்கிழமைதோறும் வண்டி ஓட்டுவதும், முரசுகளை ஏற்றி இறக்குவதும், மழை வந்தால் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் என் பங்கு. ஊரிலிருந்து உறவினர்களும், இங்கே வந்து போகும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

பேக்பைப் குழு என்றால் என்ன? அதில் யார் யார் இருப்பார்கள்?

குடியரசு நாள் அணிவகுப்பில் இந்திய ராணுவப் படைப்பிரிவுகள் தோளில் குழல்களைச் சாய்த்து ஊதிக்கொண்டு போவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அந்தக் கருவியும், அதை முரசுகளோடு சேர்த்து வாசிக்கும் குழு அமைப்பும் ஸ்காட்லாந்துப் படைகளின் வழியாக அங்கே வந்தவை. குழுவின் தலைவர் பைப் மேஜர். பாட்டைத் தேர்ந்தெடுப்பது, சுருதி சேர்ப்பது, யார் வளையத்துக்குள், அதாவது போட்டியில் வாசிக்கும் இடத்துக்குள், போகலாம் என்று முடிவு செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்குக் கீழே பேக்பைப் வாசிப்பவர்கள், ஸ்நேர் டிரம் வாசிப்பவர்கள், கோல்களைச் சுழற்றியபடியே டெனர் டிரம் அடிப்பவர்கள், நடுவில் பேஸ் டிரம் ஒன்று. வெள்ளிப்பூண் போட்ட கோலை ஏந்தி முன்னால் நடக்கும் டிரம் மேஜர்தான் கூட்டத்தின் கண்ணுக்கு முதலில் படுவார். ஆனால் போட்டியில் குழுவுக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணில் அவருக்குப் பங்கு இல்லை.

கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்குளில் இடுக்கிய பை, அதில் காற்றை நிரப்பும் ஊதுகுழல், விரல் வைத்து வாசிக்கும் சான்டர் என்ற குழல், தோளில் சாய்ந்து ஒரே சுரத்தை விடாமல் ஒலிக்கும் மூன்று ஒத்துக் குழல்கள் ஆகியவை சேர்ந்தது பேக்பைப். சான்டரின் உள்ளே நாகஸ்வரத்தின் சீவாளியைப் போல இரட்டை நாக்கு உண்டு; ஒத்துக் குழல்களில் ஒற்றை நாக்கு. திருச்சியில் இருக்கும் என் சித்தப்பா பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டு, "ஒத்து மட்டும் மூணு பேர் ஊதுறாங்களாடா?" என்று கேட்டார். மூன்றையும் ஊதுவது ஒரே ஆள்தான், சான்டரை வாசிப்பவரும் அவரேதான் என்று சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஆண்டு முழுவதும் பயணத்திலேயே இருப்பீர்களா?

இல்லை. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வாரம் ஒன்றிரண்டு மாலைகள் பள்ளிக்கூட அரங்கிலோ தேவாலயக் கூடத்திலோ பயிற்சி நடக்கும். பேக்பைப்பைக்கூட எடுக்காமல், மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பை இல்லாத பயிற்சிச் சான்டரில் பாட்டின் ஒரே நான்கு தாள வட்டங்களை முப்பது தடவை வாசிப்பார்கள். முரசுக்காரர்கள் ரப்பர் பலகையில் தட்டுவார்கள். கேட்பதற்கு இவ்வளவு சலிப்பான இசைப் பயிற்சி வேறு இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

மே மாதம் போட்டிக் காலம் தொடங்கும். ராயல் ஸ்காட்டிஷ் பைப் பேண்டு அசோசியேஷன் நடத்தும் ஐந்து பெரிய போட்டிகளும், ஹைலேண்டு விளையாட்டு விழாக்களோடு சேர்ந்த சிறிய போட்டிகளும் கோடை முழுவதும் நடைபெறும். இந்தச் சங்கம் 1930-இல் தொடங்கப்பட்டது. "ராயல்" என்ற அடைமொழி 1980-இல் வந்தது. குழுக்களை முதல் நிலையிலிருந்து நான்காம் நிலை வரையும், சிறுவர் பிரிவுகளாகவும் அது பிரித்து வைத்திருக்கிறது. எங்கள் குழு நான்காம் நிலையின் கீழ்ப்பாதி. அதாவது ஏணியின் கடைசிப் படிக்கு அருகில்.

ஒரு போட்டி நாள் எப்படிப் போகும்?

ஆகஸ்டு நடுவில் கிளாஸ்கோ கிரீன் பூங்காவில் நடக்கும் உலகப் போட்டியையே எடுத்துக்கொள்கிறேன். 1986 முதல் அது அங்கேயே நடந்துவருகிறது. 2013 முதல் இரண்டு நாள் விழாவாகிவிட்டது. ஏறத்தாழ 200 குழுக்கள் வருகின்றன. ஆற்றங்கரைப் புல்வெளியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு குழு வட்டமாக நின்று வாசித்துக்கொண்டிருக்கும். பத்து அடி தள்ளி இன்னொரு குழு வேறு பாட்டை வேறு தாளத்தில் வாசிக்கும். முதல் அரை மணி நேரம் தலை சுற்றும், பிறகு காது பழகிவிடும்.

எங்களைப் போன்ற கீழ்நிலைக் குழுக்களுக்குக் காலையில் தகுதிச் சுற்று. ஒன்பதரை மணிக்கு வாசிப்பு என்றால் ஐந்து மணிக்கு எழ வேண்டும், ஏழு மணிக்குப் பேருந்து வந்து நிற்க வேண்டும், ஏழரைக்குக் கருவிகள் வெளியே வந்திருக்க வேண்டும். தகுதி பெற்றால் பிற்பகலில் இறுதிச் சுற்று உண்டு. பெறாவிட்டாலும் வீட்டுக்குப் போக முடியாது, ஏனென்றால் மாலையில் எல்லாக் குழுக்களும் ஒன்றாக அணிவகுத்து நின்ற பிறகுதான் முடிவுகளை அறிவிப்பார்கள்.

வளையத்துக்குள் நடப்பது மிகக் குறைவு. குழு வரிசையாக நிற்கும், பைப் மேஜர் கட்டளை கொடுப்பார், முரசுகள் இரண்டு சிறு உருட்டல் கொடுக்கும், அதற்குள் எல்லாப் பைகளையும் ஒரே நேரத்தில் அடித்து ஒத்துக் குழல்களை எழுப்பி, முதல் சுரத்தில் ஒரே ஆளைப்போல இறங்க வேண்டும். ஒருவருடைய சான்டர் அரை நொடி முந்திக் கீச்சிட்டாலும் அந்த நாள் முடிந்தது என்று பெற்றோர் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். யாரும் யாரையும் பார்க்க மாட்டோம். வாசித்துக்கொண்டே நடந்து போய் வட்டம் கட்டுவார்கள். பேக்பைப் வாசிப்பைக் கேட்க இரண்டு நடுவர்கள், முரசுக்கு ஒருவர், ஒட்டுமொத்தச் சேர்க்கைக்கு ஒருவர் என நான்கு பேர் அட்டையில் எழுதிக்கொண்டே சுற்றி வருவார்கள். நான்கு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். முதல் நிலைக் குழுக்கள்கூட மெட்லி என்ற கலவைப் பிரிவில் ஐந்து முதல் ஏழு நிமிடம்தான் வாசிக்கின்றன.

வாசிப்பு நான்கு நிமிடம் என்றால் சுருதி சேர்க்க ஏன் இரண்டு மணி நேரம்?

இந்த வாழ்க்கையில் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இருபது பேர் வாசிக்கும் குழுவில் இருபது சான்டர்களும் அறுபது ஒத்துக் குழல்களும் இருக்கின்றன. சான்டரில் ஒன்பது சுரங்கள். இருபது சான்டர்களிலும் ஒவ்வொரு சுரமும் ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும். மேலை இசைக் கச்சேரிகளில் ஏ என்ற சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்பது வழக்கம். இன்றைய போட்டிக் குழுக்களின் ஏ 480 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது. பியானோவோடு பேக்பைப்பைச் சேர்க்கும்போது வரும் தொல்லைக்குக் காரணம் இதுதான்.

சுருதி ஒரு இடத்தில் நிற்பதும் இல்லை. காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடும், குழலின் சுருதி ஏறும். ஒரு டிகிரி செல்சியசுக்குச் சுமார் 3 சென்ட், அதாவது ஓர் அரைச் சுரத்தில் நூற்றில் மூன்று பங்கு. இதற்கு மேல் வாசிப்பவரின் மூச்சு ஈரம் சீவாளியில் ஏறி அதன் குணத்தையே மாற்றும். சான்டரும் ஒத்துக் குழலும் ஒரே அளவில் மாறுவதில்லை என்பதுதான் உண்மையான சிக்கல். ஆகவே பைப் மேஜர் ஒவ்வொருவர் முன்னும் நின்று, காதைச் சாய்த்துக் கேட்டு, சீவாளியைச் சற்று மேலே எடுப்பார் அல்லது உள்ளே தள்ளுவார். ஒரு சுரம் மட்டும் ஏறி ஒலித்தால் அந்தத் துளையின் மேல் ஓரத்தில் கறுப்பு நாடாவை ஒட்டி இறக்குவார். பிறகு தோள்பக்கம் கையை நீட்டி ஒத்துக் குழல்களின் மேல்துண்டை நகர்த்துவார். வளையத்தின் வாசலில் காத்திருக்கும் கடைசி ஐந்து நிமிடம் வரை இது நடக்கும்.

ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை, டம்பார்ட்டனில் மேகமூட்டமான குளிரில் குழுவை அருமையாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் இருந்த குழு வாசித்துக்கொண்டிருக்கும்போது மேகம் விலகி வெயில் அடித்தது. வெயிலைப் பார்த்து மற்றவர்கள் முகம் மலர, எங்கள் பைப் மேஜர் மட்டும் வானத்தைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். உடனே அத்தனை பேரையும் கட்டட நிழலுக்கு விரட்டி, சான்டர்களைக் கோட்டுக்குள் மறைத்து வைக்கச் சொன்னார். அன்று எங்களுக்குக் கிடைத்தது கடைசியிலிருந்து மூன்றாம் இடம்.

மழை பெய்தால் போட்டியை நிறுத்துவார்களா?

ஸ்காட்லாந்தில் மழைக்காக நிறுத்தினால் போட்டியே நடக்காது. ஈரம் ஒத்துக் குழலின் நாக்கில் இறங்கினால் அது திடீரென்று ஊமையாகிவிடும். அதற்காகப் பையினுள் நீர்ப்பொறிகளும் ஈரம் உறிஞ்சும் உறைகளும் வைக்கிறார்கள். ஆட்டுத்தோல் பையைத் தேனும் கிளிசரினும் சேர்ந்த கலவை ஊற்றிப் பதப்படுத்திய காலம் போய், பலரிடம் இப்போது ஜிப் வைத்துத் திறக்கும் செயற்கைத் துணிப் பைகள் வந்துவிட்டன. முரசுகளுக்கு நெகிழி உறை; ஆட்களுக்கு ஒன்றும் கிடையாது.

விமானத்தில் கருவிகளை எப்படிக் கொண்டுபோகிறார்கள்?

பேக்பைப்பைக் கழற்றினால் சிறு பெட்டிக்குள் அடங்கிவிடும், ஆகவே கையிலேயே கொண்டுபோவார்கள். விமானத்தின் வறண்ட காற்றில் மரம் சுருங்கும், இணைப்புகளில் சுற்றிய சணல் நூல் தளரும். இறங்கியதும் முதல் வேலை நூலைச் சுற்றி மெழுகு தடவுவதாக இருக்கும். சீவாளிகளை ஈரம் காக்கும் சிறு குப்பிகளில் அடைத்து வைப்பார்கள். ஸ்நேர் டிரம்மின் தோல் மிக இறுக்கமாகக் கட்டப்படுவது, அதைத் தளர்த்தி அனுப்பிவிட்டுப் போன ஊரில் மறுபடி இறுக்க வேண்டும். பேஸ் டிரம்மைப் பல குழுக்கள் தூக்கிக்கொண்டு போவதே இல்லை, அங்கேயே இரவல் வாங்கிவிடுகின்றன.

சுங்கச் சோதனைதான் பெரிய தலைவலி. கருவி ஆப்பிரிக்கக் கருமரத்தில் கடையப்படுவது; டான்சானியாவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் வரும் மரம். 2017 தொடக்கத்தில் அதன் மரக்குடும்பம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது. 2019 இறுதியில்தான் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது. பழைய கருவிகளின் மூட்டுகளில் யானைத் தந்தப் பூண் இருக்கும். 2014 ஆகஸ்டில், கனடாவில் போட்டி முடித்து அமெரிக்காவுக்குத் திரும்பிய இரண்டு இளைஞர்களின் கருவிகள் வெர்மான்ட் எல்லையில் தந்தத்துக்காகப் பறிமுதல் செய்யப்பட்டுப் பிறகே திரும்பக் கிடைத்தன. அதிலிருந்து, தாத்தா காலத்துக் கருவியை வீட்டில் வைத்துவிட்டுப் போலிப் பூண் போட்ட புதிய கருவியோடு பயணம் செய்பவர்கள் பலர். இடுப்பில் தொங்கும் ஸ்போரன் என்ற தோல் பை சீல் தோலில் செய்ததாக இருந்தால் அமெரிக்காவுக்குள் கொண்டுபோகக் கூடாது. 1972-ஆம் ஆண்டுக் கடல் பாலூட்டிகள் சட்டம் அதைத் தடுக்கிறது. காலுறையில் செருகும் சிறு கத்தியை மறந்துபோய்க் கைப்பெட்டியில் வைத்துப் பறிகொடுக்காத குழுவே இருக்காது.

வெளிநாட்டுக் குழுக்களும் வருகின்றனவா?

வருவதோடு வென்றும் போகின்றன. கனடாவின் 78-ஆவது ஃபிரேசர் ஹைலேண்டர்ஸ் 1987-இல் உலகப் பட்டத்தை வென்றபோது, அது பிரிட்டனுக்கு வெளியே போனது அதுவே முதல் முறை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா போலீஸ் குழு 1998-இல் வென்றது. கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகக் குழு 1995-க்கும் 2009-க்கும் இடையில் ஆறு முறை வென்றிருக்கிறது. கடல் தாண்டிப் போய் ஒரு பூங்காவில் சில நிமிடங்கள் வாசித்துவிட்டு வருவதற்காக ஓராண்டு பணம் சேர்க்கிற அவர்களை நினைத்தால், இரண்டு மணி நேரப் பேருந்துக்கு நாங்கள் முணுமுணுப்பது வெட்கமாக இருக்கிறது.

ஸ்காட்லாந்துக் குழுக்களும் வெளியே போகின்றன. பிரான்சின் பிரிட்டானி கரையில் உள்ள லோரியான் நகரில் 1971 முதல் நடக்கும் கெல்டிக் விழா பலருக்கும் பிடித்தது. அந்த ஊர்க்காரர்கள் ஸ்காட்லாந்து அமைப்பைப் பார்த்து 1940-களில் பகாத் என்ற குழு வகையை உருவாக்கினார்கள். அதில் பேக்பைப்போடு பொம்பார்டு என்ற குட்டை இரட்டை நாக்குக் குழலும் சேரும். அது திறந்த வெளியில் எழும்பும்போது நம் நாகஸ்வரத்தின் ஒன்றுவிட்ட தங்கை என்றுதான் எனக்குத் தோன்றியது.

இதில் சம்பளம் உண்டா?

இல்லை. உலகப் பட்டம் வெல்லும் குழுக்களிலும் பெரும்பாலோர் ஆசிரியர், தச்சர், செவிலியர், மாணவர் என வேறு வேலை பார்ப்பவர்கள். பரிசுத்தொகை பேருந்து வாடகைக்கே போதாது. திருமணங்களில் வாசிப்பது, ஜனவரி 25 அன்று கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் நினைவு விருந்துகளில் வாசிப்பது, குலுக்கல் சீட்டு விற்பது என்று சில்லறையாகச் சேர்ப்பதுதான் நிதி. முரசுகளும் சான்டர்களும் பெரும்பாலும் குழுவின் சொத்து. சொந்தமாகப் புதிய பேக்பைப் வாங்க ஆயிரம் பவுண்டுக்கு மேல் ஆகும்.

ராணுவக் குழுக்கள் வேறுபட்டவையா?

ஆம். காலாட்படையின் பேக்பைப்காரர் முதலில் போர்வீரர், பிறகுதான் இசைக்காரர். 1950 முதல் எடின்பரோ கோட்டை வாசலில் ஆகஸ்டு இரவுகளில் நடக்கும் டாட்டூ என்ற ராணுவ இசை அணிவகுப்பு விழாவுக்குப் படைக் குழுக்களோடு வெளிநாட்டுக் குழுக்களும் வந்து வாரக்கணக்கில் தங்கி, ஏறத்தாழ ஒவ்வோர் இரவும் வாசிக்கின்றன. அங்கே நடுவர் கிடையாது, பார்வையாளர் உண்டு. அணிவகுப்பின் நேர்த்தி சுருதியை விடப் பெரிது. போட்டிக்காரர்கள் இதைப் பற்றிக் கொஞ்சம் இளக்காரமாகப் பேசுவார்கள். ஆனால் விளக்குகள் அணைந்து, கோட்டை மதில்மேல் ஒற்றை ஆள் மட்டும் நின்று வாசிக்கும் முடிவுக் காட்சியில் அவர்களும் வாயைத் திறப்பதில்லை.

பெண்கள் வாசிக்கிறார்களா?

எங்கள் குழுவில் பாதிப் பேர் பெண்கள். நெடுங்காலம் இது ஆண்களின் களமாகவே இருந்தது. சுவையான விதிவிலக்கு ஸ்காட்லாந்துக்கு வெளியே நிகழ்ந்தது: லண்டனுக்குக் கிழக்கே டாகன்ஹாமில் 1930-இல் பாதிரியார் ஒருவர் தொடங்கிய டாகன்ஹாம் பெண் பேக்பைப் குழு, வாசிப்பையே தொழிலாகக் கொண்டு உலகம் சுற்றியது, இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்காகவும் வாசித்தது.

உடல்நலத்துக்குக் கெடுதல் இல்லையா?

காதுக்கு உண்டு. குழு நடுவே ஒலி 100 டெசிபலைத் தாண்டும். காதடைப்பான் இல்லாமல் என் மகளை நான் பயிற்சிக்கு அனுப்புவதில்லை. இன்னொன்று நுரையீரல். நாள்தோறும் பேக்பைப் வாசித்த ஒருவருடைய நோயை இங்கிலாந்து மருத்துவர்கள் 2016-இல் மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். கருவி இல்லாமல் மூன்று மாதம் ஆஸ்திரேலியாவில் இருந்தபோது அவருக்கு மூச்சுத் திணறல் குறைந்தது, திரும்பியதும் கூடியது. பையையும் குழல்களையும் சோதித்தபோது உள்ளே பல வகைப் பூஞ்சைகள் இருந்தன. அவர் இறந்துவிட்டார். பயணத்தில் ஈரக் கருவியைப் பெட்டியில் பூட்டி இரண்டு நாள் மறந்துவிடுவது எளிது. எங்கள் குழுவில் வாசிப்பு முடிந்ததும் குழல்களைக் கழற்றித் துடைத்த பிறகுதான் உணவுப் பொட்டலம் கைக்கு வரும்.

அந்தக் கம்பளிப் பாவாடை கனமா? உள்ளே என்ன அணிவார்கள்?

கில்ட் ஒன்றுக்குச் சுமார் 8 கெஜம் கம்பளித் துணி போகும். நனைந்தால் அதன் எடை இடுப்புக்குத் தெரியும். இரண்டாவது கேள்வியைக் குழுவில் யாரிடமும் கேட்க வேண்டாம், அன்று காலையிலேயே பத்துப் பேர் கேட்டிருப்பார்கள்.

பயணத்தில் சைவச் சாப்பாடு கிடைக்குமா?

மைதானத்து வண்டிகளில் உருளைக்கிழங்கு வறுவலும், சில இடங்களில் மக்ரோனி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டமும் கிடைக்கும். நான் புளியோதரை கட்டிக்கொண்டு போகிறேன். முதல் ஆண்டு அது எனக்கு மட்டுமாக இருந்தது. இப்போது பேருந்து ஏறும்போதே பேஸ் டிரம்காரர் பாத்திரத்தின் அளவைப் பார்த்துவிடுகிறார்.

வயது வந்தவர்கள் புதிதாகச் சேர முடியுமா?

முடியும். பல ஊர்க் குழுக்கள் இலவசமாகவே கற்றுக்கொடுக்கின்றன, ஏனென்றால் ஆள் சேர்ந்தால்தான் குழு உயிரோடு இருக்கும். முதலில் பயிற்சிச் சான்டர் மட்டும் கொடுப்பார்கள். பெரிய கருவியைத் தொட ஓராண்டு போலக் காத்திருக்க வேண்டும். சான்டரில் ஒலியை நடுவில் நிறுத்த முடியாது என்பதால், ஒரே சுரத்தை இரண்டு முறை வாசிக்கக்கூட இடையில் வேறொரு சுரத்தை மின்னலாகத் தட்டி வெட்ட வேண்டும். விரல்களுக்கு அந்த வெட்டு பழகத்தான் அவ்வளவு காலம். பாட்டுகள் எல்லாம் மனப்பாடம், தாள் வைத்து வாசிக்கும் வழக்கம் போட்டியில் இல்லை. விரல் பழகாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பேருந்து புறப்படுகிறது, தார்ப்பாயின் மறுமுனையைப் பிடிக்க இன்னும் ஆள் கிடைக்கவில்லை.